நீலியின் கண்ணீரும் நேயரின் தீர்ப்பும்

சென்னையிலிருந்து அரக்கோணம் செல்லும் புறநகர் ரயிலில் பயணம் செய்வோர், திருவள்ளூரைக் கடந்து சிறிது நேரத்தில் திருவாலங்காடு என்னும் நிலையத்தைக் காண்பர். மத்ரஸாவில் ஓதி, பின்னர் தமிழும் கற்று, இவ்வட்டாரத்தில் ஆசிரியப் பணி புரிந்துவரும் நாம், பல ஆண்டுகளாக இவ்வழியே சென்று வருகிறோம். வண்டியில் ஏறியதும் அரசியலைப் பேசிய காலம் ஒன்று இருந்தது. இப்பொழுது பேச்சு, முன்னாள் இரவு தொலைக்காட்சியில் யார் அழுதார், யார் வெளியேற்றப்படுவார் என்பதிலேயே தொடங்குகிறது.

அண்மையில் ஒரு காலை அத்தகைய விவாதம் ஒன்று நம் எதிரிலேயே நடந்தது. ‘பிக்பாஸ்’ வீட்டில் ஒரு பெண் அழுதாளாம். அது மெய்யான அழுகை என்றார் ஒருவர். “அத்தனையும் நீலிக் கண்ணீர்” என்றாள் கல்லூரிக்குச் செல்லும் ஒரு மாணவி. அதுவரை சன்னலோரம் வாளாவிருந்த முதியவர் ஒருவர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். “நீலி எந்த ஊர்க்காரின்னு தெரியுமாம்மா? எங்க பழையனூர்தான். இதோ, இந்த ஸ்டேஷன்ல இறங்கித்தான் போகணும்” என்றார். மாணவிக்கு வியப்பு. நாவில் நாள்தோறும் புரளும் ஒரு சொல்லுக்கு ஊர் உண்டு, அவ்வூர் தான் கடந்து செல்லும் வழியில் உண்டு என்பதை அவள் அறிந்திருக்கவில்லை. வண்டி நின்றது, முதியவர் இறங்கிவிட்டார். அவர் விட்டுச் சென்ற அந்தக் கதையையே நாம் ஈண்டு எடுத்துக்கொண்டு, மெய்ந்நிகழ்ச்சி என்று பெயர் சூட்டிக்கொண்ட இப்புதுவகைத் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளைச் சிறிது ஆராயக் கருதுகிறோம்.

பழையனூர் திருவாலங்காட்டை அடுத்த சிற்றூர். நீலியின் கதையைச் சொல்வோர் பலவாறு சொல்வர். சுருக்கம் வருமாறு. வணிகன் ஒருவன் முற்பிறவியில் தன் மனைவியைக் கொன்றான். அவள் பேயுருக் கொண்டு, மறுபிறவியிலும் வணிகனாகப் பிறந்த அவனைப் பழிவாங்கத் தொடர்ந்தாள். அவனிடம் மந்திர வாள் ஒன்று இருந்தமையால் அவளால் நெருங்க இயலவில்லை. கள்ளிக் கொம்பு ஒன்றைக் குழந்தையாக்கி இடுப்பில் ஏந்தி, தலைவிரி கோலமாகப் பழையனூர்ச் சபைமுன் வந்து, தன்னைக் கைவிட்டு ஓடும் கணவன் இவனென்று கதறினாள். இவள் பெண்ணல்லள், பேய் என்றான் அவன். சபையிலிருந்த வேளாளர் எழுபதின்மரும் அவள் கண்ணீரைக் கண்டனர், குழந்தை அவனைத் தந்தையென அழைத்ததைக் கேட்டனர், அவளை நம்பினர். வாளைக் கழற்றிவைத்துவிட்டு அன்றிரவு அவளோடு தங்குமாறு அவனைப் பணித்து, உன் உயிருக்கு ஊறு நேர்ந்தால் எங்கள் எழுபதின்மர் உயிரும் ஈடு என்று வாக்களித்தனர். விடிந்தபோது வணிகன் பிணமாகக் கிடந்தான். எழுபதின்மரும் சொன்ன சொல் தவறாது தீப்பாய்ந்து உயிர் நீத்தனர். அவர்கள் நினைவு அவ்வூரில் இன்றும் போற்றப்படுகிறது. சாட்சிபூதேசுவரர் என்னும் பெயரில் அங்கே ஒரு கோயிலும் உண்டு.

பேயும் மறுபிறவியும் நம் கொள்கைக்கு உடன்பாடானவை அல்ல. ஆயினும் ஒரு நாட்டார் கதையில் உள்ள நீதிச் சிக்கலைக் காண அவை தடையாகா. அச்சபையார் கண்ணீரைச் சான்றாகக் கொண்டது பிழை. ஆனால் தாம் கூறிய தீர்ப்புக்குத் தாமே பிணை நின்றனர். தீர்ப்புத் தவறியபோது அதன் விலையைத் தாமே செலுத்தினர். இவ்விரண்டையும் வாசகர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறோம்.

சாதாரண மனிதரின் வாழ்வைக் காமிரா கொண்டு பின்தொடரும் முறை புதியதன்று. 1971இல் அமெரிக்கக் குடும்பம் ஒன்றின் வீட்டில் பல மாதங்கள் படம் பிடித்து, 1973இல் ‘ஓர் அமெரிக்கக் குடும்பம்’ என்ற பெயரில் 12 பகுதிகளாக ஒளிபரப்பினர். கணவனும் மனைவியும் பிரிந்ததும் அதில் காட்சியாயிற்று. 1999இல் நெதர்லாந்தில் ‘பிக் பிரதர்’ தோன்றியது. ஜார்ஜ் ஆர்வெல் 1949இல் வெளியிட்ட ‘1984’ என்னும் நாவலில், குடிமக்களை ஓயாது கண்காணிக்கும் கொடுங்கோலாட்சியின் தலைமைக்கு இடப்பட்ட பெயர் அது. ஓர் எழுத்தாளர் அச்சுறுத்தலாக எழுதிய பெயர் அரை நூற்றாண்டு கழித்துக் கேளிக்கையின் பெயராகிவிட்டது! அதன் இந்தி வடிவம் 2006இல் ‘பிக்பாஸ்’ எனத் தொடங்கிற்று. தமிழில் 2017 ஜூன் 25 அன்று விஜய் தொலைக்காட்சியில் நடிகர் கமல்ஹாசன் நடத்த முதற்பருவம் தொடங்கியது. ஏழு பருவங்கள் அவரே நடத்தினார். 2024இல் எட்டாம் பருவத்திலிருந்து விஜய் சேதுபதி நடத்தி வருகிறார்.

இவ்வகை நிகழ்ச்சிகள் யாவும் தீயன என்பது நமது கருத்தன்று. 2006இல் தொடங்கிய ‘நீயா நானா’ விவாத அரங்கில், முன்பின் மேடையேறாத எத்தனையோ எளியவர்கள் துணிந்து பேசினார்கள். ‘சூப்பர் சிங்கர்’ போட்டியில் சிற்றூர்ப் பிள்ளைகள் பலருடைய குரலை நாடு கேட்டது. திறமையைக் காட்டுவதும் கருத்தைக் கூறுவதும் ஒருவன் பிறர்க்கு விரும்பித் தருவனவாகும். ஆனால் உறங்குவதையும் சண்டையிடுவதையும் விம்மி அழுவதையும் சந்தைப் பொருளாக்குவது வேறு. விவாதம் இரண்டாவதைப் பற்றியதே.

முதல் வினா, இங்கே காட்டப்படுவது மெய்தானா என்பது. பலர் இதனை, முன்னரே வசனம் எழுதிக் கொடுத்து நடிக்க வைக்கிறார்கள் என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவர். நாம் அவ்வாறு குற்றஞ்சாட்ட வரவில்லை. எல்லாம் தாமாகவே நிகழ்ந்தன என்றே வைத்துக்கொள்வோம். வீடெங்கும் பொருத்திய காமிராக்கள் 24 மணி நேரமும் படம் பிடிக்கின்றன. இரவில் நம் இல்லத்துக்கு வந்து சேர்வது ஏறத்தாழ ஒரு மணி நேரமே. எஞ்சிய 23 மணி நேரத்தையும் வெட்டி எறிந்தவர் யார்? எதை வைத்தார், எதை விட்டார், எந்தச் சொல்லை எந்தச் சொல்லுக்கு மறுமொழியாக ஒட்டினார்? அவர் முகம் நமக்குத் தெரியாது.

ஹதீஸ் கலை பயின்றோர்க்கு இவ்விடத்தில் ஒரு சொல் நினைவுக்கு வரும். அறிவிப்பாளர் வரிசையில் உள்ள ஒரு குறையை மறைத்து, கேட்போர் அதனைக் குறையற்றதென எண்ணும்படி அறிவித்தலைத் ‘தத்லீஸ்’ என்பர். அவ்வாறு செய்பவர் வெளிப்படையாக ஒரு பொய்யும் சொல்லியிருக்க மாட்டார். இருப்பினும் ஹதீஸ் கலை மேதை ஷுஃபா (ரஹ்) அதனைப் பொய்யின் உடன்பிறப்பாகவே கருதினார். யார் யாரிடம் கேட்டார், இருவரும் சந்தித்ததுண்டா, இடையில் விடுபட்டவர் யார் என்று ஒவ்வொரு கண்ணியையும் தட்டிப் பார்த்த மரபு நம்முடையது. அம்மரபில் வந்த நாம், காமிரா காட்டிவிட்டது, ஆகவே மெய் என்று எவ்வாறு தலையசைக்க இயலும்? படச்சுருளின் ஒவ்வொரு துண்டும் மெய்யாக இருக்கலாம். துண்டுகளைக் கோத்த கயிறு தத்லீஸாக இருக்கலாம்.

சான்றாக ஒன்று கூறுவோம். முதற்பருவத்தின்போது, போட்டியாளர் ஒருவர் மற்றொருவரது நடத்தையைப் பழிக்கச் ‘சேரி’ என்பதை இழிசொல்லாக ஆண்டது ஒளிபரப்பாயிற்று. புதிய தமிழகம் கட்சித் தலைவர் கிருஷ்ணசாமி உள்ளிட்டோர் கடும் எதிர்ப்புத் தெரிவித்தனர். ஒரு நாளில் 23 மணி நேரத்தை வெட்டத் தெரிந்தவர்க்கு அந்த ஒரு சொல்லை வெட்டத் தெரியாமலா போயிற்று? அது தப்பித் தவறி வந்த சொல்லன்று. தெரிந்து விடப்பட்ட சொல். சொன்னவரை நாடே ஏசியது. தேர்ந்து எடுத்து நம் கூடத்திற்கு அனுப்பியவரை ஏசியவர் சிலரே.

இரண்டாவது வினா, மெய்யே ஆயினும் அதனைப் பார்க்கும் உரிமை நமக்கு உண்டா என்பது. ஹழ்ரத் உமர் (ரலி) அவர்களைப் பற்றிய நிகழ்ச்சி ஒன்றை இமாம் கஸ்ஸாலி (ரஹ்) இஹ்யாவில் எடுத்துரைக்கிறார்கள். இரவில் நகர்வலம் வந்த கலீபா, ஒரு வீட்டினுள்ளிருந்து எழுந்த குரலைக் கேட்டுச் சுவரேறிப் பார்க்க, அங்கே ஒருவன் மதுவோடு இருந்தான். கலீபா கடிந்துரைத்தார். அவனோ, தான் செய்த குற்றம் ஒன்றென்றும் கலீபா செய்தவை மூன்றென்றும் விடையிறுத்தான்: துருவிப் பார்த்தது ஒன்று, வாயில் இருக்கச் சுவரேறியது ஒன்று, அனுமதியும் ஸலாமும் இன்றி நுழைந்தது ஒன்று. நாட்டின் அதிபதி அச்சொல்லை ஏற்று, அவனை விடுத்துத் திரும்பினார். குற்றம் மெய்யாகவே இருந்தது, கண்டதும் மெய். எனினும் கண்ட வழி குற்றமுடையதாயிற்று. திருமறையின் 49ஆம் அத்தியாயமாகிய ஹுஜுராத், பிறர் குறையைத் துருவுவதையும் புறம்பேசுவதையும் ஒருசேர விலக்குவதை நம் பிள்ளைகளும் அறிவர்.

அவர்கள் ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டு, ஊதியம் பெற்று, விரும்பியே அங்கு செல்கின்றனர்; இதில் துருவல் எங்கே வந்தது என்று கேட்பாருண்டு. கேள்வி நியாயமானதே. 2017 ஆகஸ்ட் 24 அன்று, முதற்பருவம் நடந்துகொண்டிருந்த அதே நாள்களில், உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அடங்கிய அமர்வு, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று புட்டசாமி வழக்கில் ஒருமித்துத் தீர்ப்பளித்தது. உரிமையுடையவர் அதனை விட்டுக்கொடுக்கலாம் என்பர் சட்டம் அறிந்தோர். இருக்கட்டும். அவர் தம் வீட்டுச் சுவரை விற்றார்; விலை பெற்றார். ஆனால் சுவரேறிப் பழகும் நம் கண்ணுக்கு யார் ஈடு தருவது? இன்று திரையில் ஒருத்தியின் அழுகையை மெய்யோ பொய்யோ என்று எடைபோட்ட கண், நாளை அடுத்த வீட்டு மருமகளின் அழுகையையும் அவ்வாறே எடைபோடும். ரயிலில் பேசிய அம்மாணவியின் குரலில் தீமை இல்லை, பழக்கம் இருந்தது. நம்மை அஞ்சச் செய்வது அப்பழக்கமே.

மூன்றாவது வினா மிகக் கடினமானது. பிக்பாஸில் பங்கேற்போர் பெரும்பாலும் புகழை நாடுவோர். குடும்ப வழக்கைத் தூக்கிக்கொண்டு படப்பிடிப்பு அரங்கத்திற்குச் சென்ற ஏழைகளின் நிலை அதுவன்று. ஜீ தமிழ் தொலைக்காட்சியில் 2011இல் தொடங்கிய ‘சொல்வதெல்லாம் உண்மை’ நிகழ்ச்சியை நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள். முதலில் நிர்மலா பெரியசாமியும் பின்னர் நெடுங்காலம் லட்சுமி ராமகிருஷ்ணனும் அதனை நடத்தினர். கணவன் ஒருபுறம், மனைவி ஒருபுறம், சில வேளை அவர்கள் பெற்ற பிள்ளைகளும் ஒருபுறம். வினவுவார், கடிவார், தேற்றுவார், தீர்வும் கூறுவார். நடத்தியவர் மனம் வருந்திக் கூறிய சொற்கள் கேலி மேடைகளில் நகைச்சுவையாகித் தமிழகம் முழுவதும் உலவின. ஒருவர் குடும்பத்தின் இடிபாட்டிலிருந்து எடுத்த கல் மற்றவர்க்கு விளையாட்டுப் பொருளாயிற்று. 2018 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அந்நிகழ்ச்சிக்கு இடைக்காலத் தடை விதித்தது.

1984ஆம் ஆண்டின் குடும்ப நீதிமன்றச் சட்டத்தை இவ்விடத்தில் ஒப்பு நோக்குக. அதன் 11ஆம் பிரிவின்படி, கணவனோ மனைவியோ ஒருவர் விரும்பினாலே போதும், விசாரணையை மூடிய அறையில்தான் நடத்த வேண்டும். பயின்ற நீதிபதிக்கே சட்டம் கதவை மூடச் சொல்கிறது. தொலைக்காட்சியோ அதே வழக்கிற்குக் கூரையையே பிரித்துவிடுகிறது.

நம் வரலாற்றில் கூஃபாவின் காழியாக நெடுங்காலம் விளங்கிய ஷுரைஹ் (ரஹ்) அவர்களிடம் ஒரு பெண் அழுதுகொண்டே வழக்குரைக்க வந்தாள். அருகிலிருந்த அறிஞர் ஷஃபி (ரஹ்), இவள் அநீதிக்கு உள்ளானவள் என்றே தோன்றுகிறது என்றார். யூசுப் நபியின் சகோதரர்களும் தம் தந்தையிடம் மாலையில் அழுதுகொண்டே வந்தவர்கள்தாமே என்று காழி நினைவூட்டினார். அவளைப் பொய்யள் என்று அவர் கூறவில்லை. கண்ணீர் எப்பக்கத்துக்கும் சான்றாகாது என்றே உணர்த்தினார். ஹழ்ரத் அலி (ரலி) அவர்களை யமன் நாட்டுக்கு அனுப்பியபோது, எதிர்த்தரப்பையும் கேளாமல் தீர்ப்பளிக்க வேண்டாம் என நபிகள் நாயகம் (ஸல்) அறிவுறுத்தியதும் இதே நெறி பற்றியே. பழையனூர்ச் சபையில் ஒரு ஷுரைஹ் இருந்திருந்தால் அந்த வணிகன் பிழைத்திருப்பான், எழுபதின்மரும் பிழைத்திருப்பர்.

இதுகாறும் எழுதியது எளிது. இனி எழுதப்போவது எமக்கு எளிதன்று. சில ஆண்டுகளுக்கு முன் நம் தெருவைச் சேர்ந்த ஓர் இளம்பெண், இரு குழந்தைகளோடு நம் வீட்டு வாயிலில் வந்து நின்றாள். கணவன் பிரிந்து சென்று வேறொரு குடும்பம் வைத்துவிட்டான்; செலவுக்கும் தருவதில்லை. மனு எழுதித் தருவோர் என்ற பெயர் நமக்கு உண்டு. “அஜ்ரத், டி.வி.யில பஞ்சாயத்து பண்றாங்களே, அவங்களுக்கு ஒரு லெட்டர் எழுதிக் குடுங்க” என்றாள். நாம் திடுக்கிட்டோம். புறம், மானம், மறைத்தல் என்று நமக்குத் தெரிந்ததெல்லாம் சொன்னோம். பொறுமையாகக் கேட்டாள். பின்னர் அவள் கூறியது இது: “ஜமாஅத்துக்கு மூணு தடவை போனேன் அஜ்ரத். சுவத்துக்குப் பின்னாடி உக்கார வெச்சாங்க. அவர்கிட்ட பேசினாங்க, எங்க அண்ணன்கிட்ட பேசினாங்க. என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல. அங்க போனா கையில மைக்காவது குடுப்பாங்க.”

நமக்கு மறுமொழி வரவில்லை. எதிர்த்தரப்பையும் கேள் என்னும் நாயகத்தின் நெறியை மிம்பரில் முழங்கும் நாம், முறையிட வந்தவளையே கேளாமல் திருப்பி அனுப்பியிருக்கிறோம். நாம் மூடிய வாயிலின் எதிரேதான் அவர்கள் கடை விரித்திருக்கிறார்கள். இந்நிகழ்ச்சிகளை ஆதரிப்போர், ஏழைப் பெண்ணுக்கு வேறு நாதியில்லை என்று கூறும்போது, அதனைப் பொய்யென நம்மால் புறந்தள்ள இயலாமற் போனது அன்றுதான். நீலியின் கதையிலும் இந்த உண்மை உண்டு. அவள் சபையில் சொன்னது பொய். ஆயினும் அவளுக்கு இழைக்கப்பட்ட கொடுமை மெய். அதனைக் கேட்க முன்னர் ஒரு சபை இருந்திருந்தால் பொய்க் கண்ணீருக்குத் தேவையே நேர்ந்திராது.

அக்கடிதத்தை நாம் எழுதவில்லை. வேறொன்று எழுதினோம். 1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையச் சட்டப்படி, பெண்ணுக்கு வருமான வரம்பின்றி இலவச சட்ட உதவி பெறும் உரிமை உண்டு. அதற்கு ஒரு மனு. ஜமாஅத் நிர்வாகிகளுக்கு ஒரு கடிதம். அவளும் பெரியவள் ஒருத்தியும் எதிரமர்ந்து பேச, நிர்வாகிகள் அடுத்த முறை கேட்டனர். கணவன் திரும்பி வரவில்லை. ஆனால் மாதந்தோறும் பிள்ளைகளுக்குப் பணம் வருகிறது. இது வெற்றியென்று பறைசாற்றத் தக்கதன்று. எனினும் அவள் பிள்ளைகள் பள்ளிக்குச் செல்லும்போது, உன் தாயை டி.வி.யில் பார்த்தேன் என்று அவர்களிடம் எவரும் சொல்வதில்லை.

தடை செய்துவிட்டால் தீராதா என்பர் சிலர். 2010 நவம்பரில் ஒன்றிய அரசு, இந்தி பிக்பாஸையும் ‘ராக்கி கா இன்சாஃப்’ என்னும் பஞ்சாயத்து நிகழ்ச்சியையும் இரவு 11 மணிக்குமேல் ஒளிபரப்புமாறு ஆணையிட்டது. பிக்பாஸுக்குப் பம்பாய் உயர் நீதிமன்றம் இடைக்கால நிவாரணம் வழங்கிற்று. 2011 முதல் ஒளிபரப்பாளர்களே அமைத்த முறையீட்டு மன்றமும் செயற்படுகிறது. 2017 ஜூலையில் இந்து மக்கள் கட்சியினர் தமிழ் பிக்பாஸைத் தடை செய்யுமாறு சென்னைக் காவல்துறையிடம் முறையிட்டனர். நிகழ்ச்சி நின்றபாடில்லை, மக்கள் மேலும் ஆவலோடு பார்த்தனர். முறையீடு வேண்டும்; சட்டமும் வேண்டும். குழந்தைகளை இத்தகைய அரங்குகளில் நிறுத்துவதை உறுதியாகவே தடுக்க வேண்டும். ஆனால் இல்லத்தினுள் வரும் தீர்ப்பு மன்றத்தைக் கலைக்க அரசாணை போதாது. அம்மன்றத்தின் நீதிபதிகள் நாமாயிற்றே!

ஆம், இங்கு நடிப்பவரும் நடத்துபவரும் மட்டும் அல்லர்; வாக்களிப்பவரும் நாமே. யார் நல்லவர், யார் நடிப்பவர், யாரை வெளியேற்றலாம் என்று இரவுதோறும் தீர்ப்பளிக்கிறோம். முதற்பருவத்தில் ஓர் இளம்பெண் கூறிய பொய்யைக் ‘குறும்படம்’ எனப் போட்டுக் காட்டியபோது அரங்கம் ஆர்ப்பரித்தது. அவள் பொய் கூறியிருக்கலாம். நாம் யாரும் அவ்வாரத்தில் ஒரு பொய்யும் கூறாதவர்களா? நம் பொய்களை அல்லாஹ் மறைத்து வைத்திருக்கிறான் என்பதன்றி அவளுக்கும் நமக்கும் வேறுபாடு யாது? அவள்மீது தீர்ப்பளித்தவர்களில் அத்தீர்ப்புக்குப் பிணை நின்றவர் எவரேனும் உண்டா? பழையனூர்ச் சபையார் எழுபது பேர். உயிரையே ஈடு வைத்தனர். இன்றைய சபையார் எத்தனையோ இலட்சம். ஒரு மயிரிழையும் ஈடு வைப்பதில்லை. தவறிய தீர்ப்பை மறுநாள் மறந்து, அடுத்தவரை ஏசத் தொடங்குகிறோம். பிணையற்ற தீர்ப்பு நீதியாகாது. அது கூட்டமாகக் கூடிச் செய்யும் புறம்.

ஆதலின் நம் குடும்பத்தார்க்கு நாம் வைக்கும் வேண்டுகோள் பெரிதன்று. இஷாவுக்குப் பின் தொலைக்காட்சியை அணைத்துவிடுங்கள் என்று கட்டளையிடும் தகுதி நமக்கில்லை. நம் வீட்டிலும் அது ஒளிர்கிறது. அடுத்த முறை திரையில் எவரேனும் அழும்போது, மெய்யா பொய்யா என்று வாய் திறக்குமுன் ஒரு கணம் நிறுத்தி, இத்தீர்ப்புக்கு நான் எதை ஈடு வைக்கிறேன் என்று தம்மையே கேட்டுக்கொள்ளட்டும். ஈடு ஏதுமில்லையெனில் தீர்ப்பும் வேண்டா. அவ்வாறே, நம் ஜமாஅத்தின் சுவருக்குப் பின்னால் அமர்ந்திருப்பவளின் சொல்லை முதலில் கேட்போம். அவளுக்கு மைக் வேண்டியதில்லை. கேட்கும் செவி இருந்தால் போதும்.

அம்முதியவரை மீண்டும் நாம் காணவில்லை. வண்டி திருவாலங்காட்டில் நிற்கும்போதெல்லாம் அந்த எழுபதின்மரை நினைக்கிறோம். ஏமாந்தவர்கள்தாம்; ஆயினும் தம் சொல்லுக்குத் தாமே பொறுப்பேற்றவர்கள். அப்பொறுப்பில் ஒரு சிறு பங்கையேனும் நம் நாவுக்கு அல்லாஹ் அருள்வானாக!